அப்பாயிக்குக் கேட்க வேண்டும்

ஆவணப்படம் திரையிடப் போகிறோம் என்று மாணவர்கள் கிளம்பும்போது முதலில் தேடுவது புரொஜெக்டரை. அடுத்து வெள்ளைத் துணி. அதன் பிறகு, யார் தலைமை, யார் சிறப்புரை. ஒலியின் நினைவு வருவது படம் ஓடத் தொடங்கிய பிறகுதான். லேப்டாப்பின் அடியிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வரும். முன்வரிசைப் பிள்ளைகள் கழுத்தை நீட்டுவார்கள். பின்வரிசையில் சொந்தப் பேச்சு தொடங்கிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்துக் காலனிகளில் மாலை நேரப் படிப்பகம் நடத்திவரும் நாங்கள் இதைப் பல கூட்டங்களில் பார்த்துவிட்டோம். எனவே இந்த முறை கொள்கை விளக்கம் இல்லை. லேப்டாப்பில் ஸ்பீக்கர் இணைப்பது பற்றி எழுதுகிறோம். சிரிக்க வேண்டாம்.

நாம் திரையிடும் படங்கள் பேச்சால் ஆனவை. ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003) மதுரையில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) மலக்குழிகளிலும் தெருக்களிலும் வேலை செய்கிறவர்களைப் பேச வைக்கிறது. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய்பீம் காம்ரேட்' (2011) மும்பை ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. இவற்றில் வருகிறவர்கள் நின்ற இடத்திலேயே பேசுகிறார்கள். பின்னால் பஸ் போகும், காற்று அடிக்கும், பக்கத்தில் குழந்தை அழும். கதாநாயகனின் வசனமோ குளிரூட்டிய டப்பிங் அறையில் பதிவாகிறது. மூச்சு விடும் சத்தம்கூடத் துல்லியமாக இருக்கும். அந்த வசனம் பத்து ரூபாய் இயர்போனில் போட்டாலும் புரிந்துவிடும். தெருவில் நின்று பேசிய தொழிலாளியின் பேச்சு அப்படிப் புரியாது. மட்டமான ஸ்பீக்கர் எல்லோருடைய குரலையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. ஏற்கெனவே சரியாகப் பதிவாகாத குரலைத்தான் அது முதலில் தின்கிறது. யாருடைய குரல் சரியாகப் பதிவாகாமல் போகிறது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேங்கைவயலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்த நாளிலிருந்து அந்த ஊரைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் அந்த ஊர் தலித்துகள் மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியபோது விவாதம் மறுபடி சூடுபிடித்தது. தொலைக்காட்சி அரங்கில் சட்டையில் மைக் குத்திக்கொண்டு பேசியவர்களின் குரல் எங்கள் படிப்பகத்தில் கணீரென்று கேட்டது. வீட்டு வாசலில் நின்று பேசிய அந்த ஊர்ப் பெண்களின் குரல் லேப்டாப்பை விட்டு வெளியே வரவேயில்லை. அதைக் கேட்டுவிட்டு விவாதிக்கத்தான் மாணவர்களைக் கூப்பிட்டிருந்தோம்.

இது திரையிடலோடு முடிகிற விஷயமும் இல்லை. வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போகும்போது, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்கிறோம். பிறகு யாராவது ஒரு மாணவர் அதைக் கேட்டு எழுதுகிறார். எழுதியதைப் பேசியவரிடம் வாசித்துக் காட்டி, ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டிய பிறகே மனு தயாராகும். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு சம்பவம் மட்டும். எழுபதைத் தாண்டிய ஓர் அப்பாயி, தன் பேரனுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தார். எழுதிய தாளில் மூன்று இடங்களில் 'தெளிவில்லை' என்று அடைப்புக்குறி. லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். காதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு தம்பி, இது எங்கொரலா?" என்றார். ஹெட்போன் மாட்டிவிட்டால் காதை அடைக்கிறது என்று கழற்றிவிட்டார். மறுநாள் படிப்பகத்திலிருந்து ஒரு ஜோடி மேசை ஸ்பீக்கரை எடுத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு முன்னால் இரண்டடித் தூரத்தில் வைத்துப் போட்டோம். முதல் அடைப்புக்குறி வந்ததும் கையைத் தூக்கினார். "அழைச்சாங்கன்னு இல்ல தம்பி, அடிச்சாங்கன்னு சொல்லியிருக்கேன். ரெண்டும் நடந்துச்சு. மொதல்ல அழைச்சாங்க, அப்புறந்தான் அடிச்சாங்க."

ஓர் எழுத்து. தமிழில் இப்படி எத்தனையோ உண்டு. கரை, கறை, கடை, கதை எல்லாம் நடுவில் வரும் ஒரு மெய்யால் வேறுபடுகின்றன. பேச்சின் பலம் உயிரெழுத்தில் இருக்கிறது. அதன் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பொருளைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்தின் நுட்பம் ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவதும் அந்த உயர்ந்த பகுதிதான். அதனால்தான் 'சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல' என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, சொல் தெளிய வேண்டும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டபோது அரசு ஊழியரின் கடமைகள் வரிசையாக எழுதப்பட்டன. அவற்றில் முதலாவது, வாய்மொழியாகச் சொன்ன தகவலைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுதிய பிறகு, கையெழுத்து வாங்குவதற்கு முன், சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது. அதே சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. இந்தப் பிரிவுகள் நடைமுறையில் என்ன பாடுபடுகின்றன என்பதைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, காவல் நிலையத்திடம் நாம் கேட்கும் ஒழுங்கு நம் கூட்டங்களிலும் இருக்க வேண்டும். ஒருவர் பேசியதை அவருக்கே கேட்கும்படி திருப்பிக் கொடுக்க நம்மிடம் வசதி வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். நம்மில் பலரிடம் இருப்பது 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிளஸ் டூ முடித்தபோது கிடைத்த லேப்டாப். நம் பிள்ளைகள் எத்தனை பேரின் முதல் கணினி அது என்று எண்ணிப் பார்த்தால், அதைக் கிண்டல் செய்கிறவர்கள் மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் எந்த லேப்டாப்பானாலும் அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் விரலளவுதான். பெரும்பாலும் 2 வாட் அளவு. பல மாடல்களில் அது கீழ்நோக்கி இருக்கும். பாயிலோ மெத்தையிலோ வைத்தால் வாயைப் பொத்தியது போல் ஆகிவிடும். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பார்க்கத்தான் அது செய்யப்பட்டது. முப்பது பேருக்கு அது போதாது.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பிஎம்பிஓ எண்ணைப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள், அது விளம்பரம். ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி துளையிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் குட்டி ஸ்பீக்கர் ஒருவர் இருவருக்கு நன்றாகக் கேட்கும். பழைய யுஎஸ்பி துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அதற்குள்தான் அது சத்தம் போட முடியும். அப்பாயி முன்னால் வைத்தது அந்த வகைதான், அந்த வேலைக்கு அதுவே சரி. கூட்டத்துக்கு என்றால் சுவர் பிளக்கில் செருகும் ஸ்பீக்கர் வேண்டும். கடைகளில் 'டூ பாயின்ட் ஒன்' என்று இரண்டு சிறிய பெட்டியும் ஒரு பெரிய பேஸ் பெட்டியும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். பாட்டுக்கு நன்றாக இருக்கும். பேச்சுக்கு அந்தப் பேஸ் பெட்டி எதிரி. நமக்கு நல்ல ஒரு ஜோடி போதும். டூ பாயின்ட் ஒன்தான் கிடைத்தது என்றால், பேஸ் குமிழைக் குறைத்து, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். கீழராஜ வீதியில் ஒரு கடையில் எங்களுக்குப் போட்டுக் காட்டியது குத்துப் பாட்டு. எங்கள் கைபேசியிலிருந்து ஒரு கிழவரின் பேச்சைப் போட்டுக் காட்டச் சொன்னோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் எதை வாங்குவது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இணைப்பது எளிது. ஸ்பீக்கரிலிருந்து வரும் 3.5 மில்லிமீட்டர் பின்னை லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருக வேண்டும். பழைய லேப்டாப்பில் இரண்டு துளை இருக்கும். ஹெட்போன் படம் போட்டது ஸ்பீக்கருக்கு, மைக் படம் போட்டது மைக்குக்கு. புதியவற்றில் இரண்டுக்கும் ஒரே துளை. பின்னைக் 'க்ளிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், அல்லது பேச்சு மட்டும் காணாமல் போய்ப் பின்னணி இசை கேட்கும். பேய் பிடித்துவிட்டது என்று லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து கொண்டிருப்பார்கள். லேப்டாப்பின் துளையே தேய்ந்து கெட்டிருந்தால் சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று விரல் நீளத்தில் ஒன்று கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். அதை யுஎஸ்பியில் செருகி, அதன் துளையில் ஸ்பீக்கரைச் செருகினால் வேலை முடிந்தது.

எல்லாம் செருகியும் சத்தம் வரவில்லையா? பத்தில் எட்டு முறை காரணம் புரொஜெக்டர்தான். எச்டிஎம்ஐ ஒயரில் படத்தோடு ஒலியும் போகும். புரொஜெக்டரைச் செருகியதும் லேப்டாப் ஒலியையும் அதற்கே அனுப்பிவிடுகிறது. திரையின் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி எதன் வழியாகப் போக வேண்டும் என்பதில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். ஒலியளவை லேப்டாப்பில் முக்கால் பங்குக்கு வைத்துவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஸ்பீக்கர் குமிழில் நடக்கட்டும். இரண்டையும் முழுக்க ஏற்றினால் குரல் கிழியும். வாட்ஸ்அப்பை மூடிவிடுங்கள். சாட்சியம் ஓடும்போது 'டிங்' என்று விழுவதைவிட அவமரியாதை இல்லை.

ப்ளூடூத் வேண்டாமா என்று தம்பிகள் கேட்பார்கள். பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு அது ஒரு கணம் பின்தங்கும், உதடு முன்னால் போகும், குரல் பின்னால் வரும். விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகளால் அதைச் சரிக்கட்டலாம். ஆனாலும் கூட்டத்தின் நடுவில் சார்ஜ் தீர்ந்து போகிற ஒன்றை நம்பிக் கூட்டம் கூட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒயர் ஏமாற்றாது.

சில இடங்களில் ஸ்பீக்கரில் 'ஊம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் வரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, மின் இணைப்பின் எர்த்தில் இருக்கிறது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் குறையும். இல்லையென்றால் பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத சமுதாயக்கூடம் என்றால் அது ஒலிப் பிரச்சினை மட்டும் இல்லை. பிள்ளைகள் கை வைக்கும் இடம் அது. ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள்.

சமுதாயக்கூடம் என்றதும் எதிரொலியைச் சொல்ல வேண்டும். வெறும் கான்கிரீட் சுவரும் தரையும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாக்கும். பாய் விரித்து, சுவரில் நாலு பழைய போர்வையைத் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ஆட்கள் நிறைந்தாலும் எதிரொலி குறையும், எனவே காலிக் கூடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஸ்டூலில் ஏற்றுங்கள். வயதானவர்களை ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார வையுங்கள். இரண்டு பெட்டிகளும் தள்ளித் தள்ளி இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் மோனோ ஆடியோ என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள். சில பேட்டிகளில் குரல் ஒரு பக்கப் பெட்டியில் மட்டும் பதிவாகியிருக்கும், மறுபக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

திறந்தவெளிக்கு மேசை ஸ்பீக்கர் ஆகாது. வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடுகிறது. அதாவது இரண்டு மடங்கு தூரத்துக்குக் கேட்க நான்கு மடங்கு வாட் வேண்டும். அங்கே மைக்செட் அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும். அப்போது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் கூடவே வரும். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் பயன்படுத்துவதற்கு அந்த இரவுத் தடையில் விலக்கு உண்டு. சமுதாயக்கூடம் என்ற சொல்லே விதியில் இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் குழாய் கட்டிப் பாட்டுப் போடும்போது யாருக்கும் நினைவுக்கு வராத விதி, ஏப்ரல் 14 அன்று காலனியில் அம்பேத்கர் பாட்டுப் போட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும்.

ஏனென்றால் யார் ஒலி எழுப்பலாம், யார் ஒலி யாருக்குக் கேட்கலாம் என்பதில் இங்கே எப்போதும் கணக்கு உண்டு. குடுமியான்மலைக் கல்வெட்டு நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு என்று கருதப்படும் அந்தப் பாறையில் ஏழு பண்முறைகளுக்கான ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் பிடித்துத் தந்த மான்பூண்டியா பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்தான். இசையை மதிக்கத் தெரிந்த மண். ஆனால் மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி மூட்டியவர்களின் பெயரைத் தேடி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதியது 2020இல்தான். நம் தாத்தாக்களின் பறை சாவு வீட்டில் மட்டும் கட்டாயம், மற்ற நாளில் தீட்டு. நம்மிடம் ஒலி வாங்கினார்கள், பேச்சை வாங்கவில்லை. அதனால்தான் சத்தத்தைவிடச் சொல்லைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறோம்.

எச்சரிக்கை ஒன்று. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை ஒருபோதும் கூட்டத்துக்கான ஸ்பீக்கரில் போடாதீர்கள். தெருவுக்குக் கேட்டால் அவருக்கு ஆபத்து. சிறிய ஸ்பீக்கர், சாத்திய கதவு, அவரும் அவர் விரும்பும் ஒருவரும். குறைந்த ஒலியில் நெருக்கமாக வைத்தாலே போதுமானது. வேலை முடிந்ததும் லேப்டாப்பில் இருக்கும் கோப்புக்குக் கடவுச்சொல் போடுங்கள். அது திட்டத்தில் வாங்கிய பொது லேப்டாப் என்றால் அதில் வைத்திருக்கவே வேண்டாம்.

எங்கள் படிப்பகத்தில் புது ஸ்பீக்கர் வந்த வாரம் மாணவர்களே கேட்டு வாங்கிப் போட்டது அண்ணலின் குரல். 1955இல் பிபிசி வானொலிக்கு அவர் அளித்த ஆங்கிலப் பேட்டி. சுவரில் அவர் படம் இருக்கிறது, சிலையைப் பேருந்து நிறுத்தத்தில் கம்பிக் கூண்டுக்குள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் அவர் பேசி அவர்களில் பலர் கேட்டதே இல்லை. எழுபது ஆண்டுப் பழைய பதிவு, அதற்கே உரிய கரகரப்பு. பேஸை முழுக்கக் குறைத்தோம். இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னோம். காந்தியைப் பற்றி அவர் சொல்வதைவிட, சொல்லும் விதம்தான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. கோபம் இருக்கிறது, அவசரம் இல்லை. "இவ்ளோ வயசானவரா அண்ணே அப்போ?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். அடுத்த ஆண்டு இறந்துவிட்டார் என்றோம். மறுபடி போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை போட்டபோது, மின்விசிறிச் சத்தம் இடிக்கிறது என்று அந்த மே மாத வெக்கையில் எழுந்து போய் அதை நிறுத்தியது அவர்கள்தான்.